வாடகை வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: ஆதார் நகல் முதல் சரண்டர் வரை தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

ஃபைபர் இணைப்பு விற்க வருகிறவர் பத்தே நிமிடத்தில் பேசி முடித்துவிடுவார். எஃப்யுபி, ஓஎன்டி, சிஜிநாட், ஸ்டேட்டிக் ஐபி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். அந்த ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு செலவோ ஒரு தடையோ இருக்கிறது. வாடகை வீடு மாறியபோது இதையெல்லாம் ஒவ்வொன்றாக அலைந்து, போனில் காத்திருந்து, ஆள் ஆளாக விசாரித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அடுத்து வருகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை. தமிழ்நாட்டில் இணைப்பு வாங்கும்போது அவை எந்த வரிசையில் உங்கள் முன் வந்து நிற்குமோ, அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

1. காகிதங்களும் வீட்டு உரிமையாளர் சம்மதமும்

சிஏஎஃப் என்பது வாடிக்கையாளர் விண்ணப்பப் படிவம். இப்போது பெரும்பாலும் ஏஜென்டே தன் செல்போனில் நிரப்பிவிடுகிறார். கேஒய்சி என்பது உங்கள் அடையாளத்தையும் முகவரியையும் சரிபார்ப்பது. இதற்கு ஆதார், ஒரு போட்டோ, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருந்தால் இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டலாம். 11 மாத ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சிலர் வீட்டின் இபி பில்லையும் கேட்பார்கள். அது உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதார் நகலை வெறுமனே கொடுக்காதீர்கள். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். முழு நகல்தான் வேண்டும் என்றால் குறுக்கே "இணைய இணைப்புக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஏஜென்ட் ஓடிபி கேட்டால், அந்தக் குறுஞ்செய்தியை முழுதாகப் படித்து எதற்கான ஓடிபி என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இணைப்புக்கான ஓடிபியோடு வேறு ஏதாவது சந்தாவுக்கான ஓடிபியும் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

உரிமையாளரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஃபைபர் உள்ளே வரச் சுவரில் ஒரு துளை போட வேண்டும். ஜன்னல் சட்டம் வழியாகக் கொண்டுவரவும் முடியும். எந்த வழி என்று அவர் வாயால் சொல்லவையுங்கள். அட்வான்ஸ் திருப்பித் தரும் நாளில் இந்தத் துளை பேச்சுக்கு வரும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்திடம் கேளுங்கள். சில இடங்களில் ஒன்றிரண்டு நிறுவனங்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள்.

2. பிளான் அட்டையைப் படிப்பது

எம்பிபிஎஸ்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே ஒரு கோப்பை இறக்கும்போது திரையில் நொடிக்கு 12.5 மெகாபைட் வரைதான் காட்டும். அதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், கணக்கு சரிதான். 5 ஜிபி கோப்பு இறங்க ஏழு நிமிடம் ஆகும். ஆங்கிலத்தில் பி என்ற எழுத்து சிறியதாக இருந்தால் பிட், பெரியதாக இருந்தால் பைட்.

எவ்வளவு வேகம் போதும்? தெளிவான 4கே படம் ஒன்று ஓட 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். வீடியோ அழைப்புக்கு அதில் ஒரு சிறு பங்குதான் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் தாராளம். 300 எம்பிபிஎஸ் வாங்கச் சொல்லி வற்புறுத்தினால், அதற்கு மேல் போகிற பணத்தை நல்ல ரௌட்டரில் போடுவதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். காரணம் 5-ஆம் படியில் வருகிறது.

அப்லோடு வேகத்தைத் தனியாகக் கேளுங்கள். அட்டையில் பெரிதாக அச்சடித்திருப்பது டவுன்லோடு வேகம். இரண்டும் சமமா, அப்லோடு குறைவா என்பது பிளானுக்குப் பிளான் மாறும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும், வீடியோ ஏற்றுபவர்களுக்கும், கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் முக்கியம்.

எஃப்யுபி: 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மாத எல்லை. பல பிளான்களில் இது 3300 ஜிபி. அதைத் தாண்டினால் இணைப்பு நிற்காது, வேகம் இறங்கிவிடும். நல்ல தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு சுமார் 3 ஜிபி போகும் என்று வைத்தால் 3300 ஜிபி என்பது 1100 மணி நேரம். ஒரு குடும்பத்துக்கு இது போதும். விலை குறைந்த பிளான்களில் எல்லை மிகவும் கீழே இருக்கலாம்; அங்கேதான் கவனம் வேண்டும். எல்லை எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள்.

விலை: அட்டையில் உள்ள தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 என்று போட்டிருந்தால் கட்டுவது 588.82 ரூபாய், 599 என்றால் 706.82, 999 என்றால் 1178.82. இதற்கு மேல் இன்ஸ்டலேஷன் கட்டணம், கருவிக்கான டெபாசிட், சில இடங்களில் கம்பத்திலிருந்து இழுக்கும் கேபிளுக்கு மீட்டர் கணக்கில் பணம் என்று வரும். ஒவ்வொன்றையும் பற்றி 'திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா' என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். புது வீட்டில், அந்தத் தெருவில் அந்த நிறுவனத்தின் சேவை எப்படி என்று தெரியாமல் கட்டாதீர்கள். ஒரு மாதம், முடிந்தால் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு நீண்ட பிளானுக்கு மாறுங்கள். தெருவில் எந்த நிறுவனம் நன்றாக ஓடுகிறது என்பதை விளம்பரத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் சரியாகச் சொல்வார்.

3. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி: பொது ஐபியா, சிஜிநாட்டா?

என்னை அதிகம் அலையவைத்தது இதுதான். இணைப்பு ஓடியது, வேகமும் இருந்தது, ஆனால் வீட்டுக் கேமராப் பதிவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை. ஏஜென்ட் கேமராக்காரரைக் கைகாட்டினார், கேமராக்காரர் ரௌட்டரைக் கைகாட்டினார். அந்த நிறுவனத்தில் ஒருவரும் சிஜிநாட் என்ற சொல்லைத் தாமாக எடுக்கவே இல்லை.

ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கருவிக்கு இருக்கும் எண். பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான், உலகத்துக்குப் போதாது. அதனால் வீட்டுக்குள் தனி எண்களைப் பயன்படுத்துகிறோம். 192.168 என்றோ 10 என்றோ தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் இந்த வகை. இவை வீட்டுக்கு வெளியே செல்லாது. உங்கள் டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெளியுலகுக்கு ஒரே பொது எண்ணைக் காட்டும் வேலையை ரௌட்டர் செய்கிறது. அதற்குப் பெயர் நாட்.

அதே வேலையை நிறுவனமும் தன் பக்கத்தில் பல நூறு வீடுகளுக்குச் சேர்த்துச் செய்தால் அது சிஜிநாட். ஒரே கதவு எண்ணில் ஒரு தெருவே குடியிருப்பது மாதிரி. நீங்கள் அனுப்பும் கடிதம் போய்ச் சேரும், அதற்குப் பதிலும் வரும். புதிதாக வெளியிலிருந்து ஒருவர் உங்களைத் தேடி வந்தால் எந்த வீடு என்று தெரியாது. யூடியூப், வங்கி, வாட்ஸ்அப் அழைப்பு எல்லாம் நீங்கள் தொடங்கி வைப்பவை, ஆகவே ஓடும். அலுவலக விபிஎன்னும் பெரும்பாலும் ஓடும். வெளியிலிருந்து நேரடியாக உங்கள் டிவிஆரையோ (கேமராப் பதிவுப் பெட்டி), வீட்டுக் கணினியையோ, விளையாட்டு சர்வரையோ திறக்க முடியாது. ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பை, எவ்வளவு கச்சிதமாக அமைத்தாலும் பலிக்காது, ஏனென்றால் கதவு உங்கள் ரௌட்டரில் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது: உலாவியில் 192.168.1.1 என்று கொடுத்து (கருவியின் ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் அதைக் கொடுத்து) ரௌட்டர் பக்கத்தைத் திறங்கள். வேன் ஐபி (நிறுவனம் உங்கள் ரௌட்டருக்குத் தந்த எண்) என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் என் ஐபி என்ன என்று தேடி வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது ஐபி. வேறாக இருந்தால், அதிலும் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், சிஜிநாட்தான். அந்த வரிசையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தச் சோதனையை நீங்கள் பணம் கட்டும் முன்பே செய்யலாம். அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

பொது ஐபி தேவைப்பட்டால் ஸ்டேட்டிக் ஐபி கேளுங்கள். அது மாறாத பொது எண். மாதக் கட்டணத்துக்கு மேல் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. சில நிறுவனங்கள் வணிக இணைப்புக்கு மட்டுமே தரும். பொது எண் இருந்தும் அது அவ்வப்போது மாறினால் டைனமிக் ஐபி என்பார்கள். அதற்கு, மாறும் எண்ணை மாறாத ஒரு பெயரோடு இணைத்துவைக்கும் டிடிஎன்எஸ் என்ற சேவை போதும், ஸ்டேட்டிக் வாங்க வேண்டியதில்லை. சிஜிநாட் இணைப்பில் டிடிஎன்எஸ் வேலை செய்யாது, அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

கேமரா மட்டும்தான் தேவை என்றால் பணம் மிச்சம். கேமரா நிறுவனத்தின் செயலி வழியாக க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கும் வகைக் கேமராக்கள் தாங்களே வெளியே ஒரு சர்வருடன் தொடர்பு வைத்துக்கொள்கின்றன. சிஜிநாட்டிலும் ஓடும். கேமரா வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

4. ஃபைபர் இழுக்கும் நாள்

உங்கள் வீட்டருகே உள்ள ஸ்ப்ளிட்டர் பெட்டியில் காலி இடம் இருந்தால் ஓரிரு நாளில் வந்துவிடுவார்கள். இல்லையென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். காலி இடம் இருக்கிறதா என்று லைன்மேனிடமே கேளுங்கள், ஏஜென்டுக்கு அது தெரியாது.

ஓஎன்டி, ஓஎன்யு இரண்டும் நடைமுறையில் வீட்டுச் சுவரில் மாட்டும் டப்பாவைத்தான் குறிக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. எதிர் முனையில், நிறுவனத்தின் இடத்தில் இருப்பது ஓஎல்டி. நடுவில் ஸ்ப்ளிட்டர் ஒரே இழையின் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். பரவலாக உள்ள ஜிபான் முறையில் அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ். இரவு ஒன்பது மணிக்கு வேகம் தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெக்னீஷியன் கிளம்பும் முன் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். அவர் கையில் உள்ள பவர் மீட்டரிலும், உலாவியில் திறக்கும் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்திலும் தெரியும். அளவு டிபிஎம், எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 பக்கம் போனால் பெரும்பாலான கருவிகளின் எல்லைக்கே போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு 3 டிபி இறக்கத்துக்கும் வந்து சேரும் ஒளி பாதியாகிறது. மைனஸ் 21-க்கும் மைனஸ் 27-க்கும் நான்கு மடங்கு வித்தியாசம். அன்றைக்கு ஓடும், ஒரு மழை பெய்து இணைப்பில் ஈரம் ஏறினால் நின்றுவிடும். "நெட் வந்துடுச்சு சார்" என்பதோடு விடாமல், மைனஸ் 25-க்குக் கீழே (மைனஸ் 26, 27 என்று) இருந்தால் இணைப்பைத் துடைத்து, தேவைப்பட்டால் மறுபடி ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு) போடச் சொல்லுங்கள். வந்திருக்கும்போது ஐந்து நிமிட வேலை. அப்புறம் கூப்பிட்டால் புகார் எண், காத்திருப்பு.

எங்கே மாட்டுவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினால் அவர்களுக்குக் கேபிள் மிச்சம், உங்களுக்குக் கடைசி அறையில் வைஃபை வராது. வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், இரும்பு பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். ஃபைபரைக் கதவு இடுக்கில் விடக் கூடாது, கூர்மையாக மடிக்கவும் கூடாது. பச்சை முனையுள்ள இணைப்பைக் கழற்றி உள்ளே கண்ணால் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் பார்க்கவிடாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர்.

கடைசியாக, பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும், விலேன் எண்ணும் எழுதி வாங்குங்கள். பிபிபிஓஇ என்பது நிறுவனத்தின் வலையமைப்புக்குள் உங்கள் இணைப்பு நுழையும் முறை. விலேன் எண் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று சொல்வது. நாளைக்கு யாராவது ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டால் இந்த இரண்டும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஓஎன்டி ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சீரியல் எண்ணும் மேக் முகவரியும் இருக்கும். மேக் என்பது கருவியிலேயே பொறித்து வரும் 12 குறிகள் கொண்ட அடையாளம். சில நிறுவனங்கள் அந்த மேக்கோடு இணைப்பைப் பூட்டிவைக்கும். சொந்த ரௌட்டர் வாங்கி மாட்டியதும் 'நெட் வரல' என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்; போன் செய்து புது மேக்கைப் பதியச் சொன்னால் சரியாகும்.

5. வீட்டுக்குள்: வைஃபையும் கேபிளும்

வேகம் குறைவு என்ற புகார்களில் பெரும்பாலானவை வீட்டுச் சுவருக்கு உள்ளேயே தீர்கிறவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீடுகளின் நெரிசலும் அதில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு கான்கிரீட் சுவருக்குப் பிறகு தேய்ந்துவிடும். சில மலிவு ஓஎன்டிகளில் 2.4 மட்டும்தான் உண்டு. 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டு வைஃபையில் 40 வருவது இதனால்தான். இரட்டை அலை உள்ள கருவி என்று கேட்டு வாங்குங்கள். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

எஸ்எஸ்ஐடி என்பது வைஃபையின் பெயர். அதில் உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம். பாதுகாப்பு டபிள்யுபிஏ2 அல்லது டபிள்யுபிஏ3 என்று இருக்கட்டும். பொத்தானை அழுத்திக் கருவியை இணைக்கும் வசதியான டபிள்யுபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டோடு ரௌட்டர் பக்கத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றுங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது ரௌட்டர் மாட்டினால் டிஹெச்சிபி பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக் கருவிகளுக்கு ஐபி எண் வழங்குவது டிஹெச்சிபி. ஒரு வீட்டில் அதை ஒருவர்தான் வழங்க வேண்டும். இரண்டு ரௌட்டரும் வழங்கினால் சில கருவிகள் ஓடும், சில ஓடாது, காரணமும் பிடிபடாது. இரண்டாவதை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

லேன் கேபிள் வாங்கும்போது கேட்5இ அல்லது கேட்6, முழுச் செம்பு என்று கேளுங்கள். சிசிஏ என்று போட்டிருந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. விலை பாதி, ஆனால் நீளம் கூடினால் காலை வாரும். ஓஎன்டியில் எந்தத் துளை கிகாபிட் என்றும் பாருங்கள். சிலவற்றில் ஒன்று மட்டும்தான் கிகாபிட், மற்றது 100 எம்பிபிஎஸ் வரைதான் தரும்.

6. கரண்ட் போனால்

ஃபைபருக்கு மின்சாரம் வேண்டாம், ஓஎன்டிக்கு வேண்டும். மினி யுபிஎஸ் வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். யுபிஎஸ்ஸின் வோல்ட் அச்சாக அதுவாகவே இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ரௌட்டர் தனியாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

7. நெட் நின்றால், போன் செய்யும் முன்

முதலில் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, 'எல்ஓஎஸ் சிவப்பு' என்று சொல்லியே புகார் கொடுங்கள். அப்போதுதான் வீட்டுக்குள் வந்து பார்க்கும் ஆளுக்குப் பதில் ஸ்ப்ளைஸ் கருவியோடு ஆள் வருவார்.

பான் விளக்கு (நிறுவனத்தோடு ஒளி இணைப்பு இருப்பதைக் காட்டுவது) பச்சையாக நிலைத்து நின்றும் நெட் இல்லையென்றால் பிபிபிஓஇ நுழைவு தடைப்பட்டிருக்கலாம். பில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கெல்லாம் சரி, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் கணினியில் 8.8.8.8-க்கு பிங் அடியுங்கள். பிங் என்பது ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம். அதற்குப் பதில் வந்து தளப் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவையில். ரௌட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

வேகம் குறைவு என்று புகார் சொல்லுமுன் லேன் கேபிளில் சோதித்துப் படம் எடுத்து வையுங்கள். வைஃபையில் எடுத்த படத்தைக் காட்டினால் "உங்க வைஃபை பிரச்சினை" என்று முடித்துவிடுவார்கள்.

8. புகார், அப்பீல், சரண்டர்

புகார் கொடுத்ததும் டாக்கெட் எண் (புகார் எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு வரவில்லை அல்லது தீர்த்ததாகப் பொய்யாக மூடிவிட்டார்கள் என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள். அதற்கடுத்து மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அது விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வீடு மாறும்போது ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் இணைப்பு தானாக முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். போஸ்ட்பெய்டு இணைப்பில் பில் ஏறிக்கொண்டே போகும், கருவிக்கும் பணம் கேட்பார்கள். சரண்டர், அதாவது இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும், கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பில் சுழற்சி முடியும் தேதிக்குச் சில நாள் முன்பே அனுப்புங்கள். ஓஎன்டியை எடுக்க வருகிறவரிடம் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். அடாப்டரையும் கொடுத்ததாக அதில் இருக்கட்டும். ரசீது தர மறுத்தால் கருவியைக் கொடுக்காதீர்கள், அலுவலகத்திலேயே ஒப்படைப்பதாகச் சொல்லுங்கள். டெபாசிட் எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் வரும் என்று அதே மின்னஞ்சலில் பதில் கேட்டு வையுங்கள்.